ஃபெரிக் குளோரைடுக்கு ஆயுத பூஜை

விஜயதசமியன்று காலை ஆறே முக்கால் மணிக்கு, மல்லேஸ்வரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீட்டுக்கு வீடு சண்டை மூண்டது. மண்ணாசை, பொன்னாசை எதுவும் காரணமில்லை. கழிவறைத் தொட்டியில் தண்ணீர் மஞ்சளாகக் கிடந்தது, அவ்வளவுதான்.

முதல் பழி வழக்கம்போல ஆண்கள்மேல் விழுந்தது. "ஃப்ளஷ் பண்ணாமயே வந்துட்டீங்களா?" என்று மனைவிமார் கேட்டார்கள். கணவன்மார் சத்தியம் செய்தார்கள், யாரும் நம்பவில்லை. அங்கிருந்து பழி பிள்ளைகளுக்குப் போனது. பிள்ளைகள் அதை, முந்தின நாள் கொலு பார்க்க வந்து சுண்டல் தின்றுவிட்டுப் போன அடுத்த வீட்டுப் பிள்ளைகள் தலையில் கட்டினார்கள். ஏழரை மணிக்கு நான்காவது மாடியில் யாரோ ஒரு புண்ணியவான் இன்னொரு தரம் பொத்தானை அழுத்திப் பார்த்து, மேலிருந்து இறங்கும் தண்ணீரே மஞ்சள்தான் என்று கண்டுபிடித்து, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நூற்றிருபது வீட்டு ஆண்களும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அந்த நிம்மதி ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அதற்குள் இன்னொருவர், "இது சாக்கடைத் தண்ணீர். கீழே சுத்தம் செய்யாமல் அப்படியே மேலே ஏற்றிவிட்டார்கள்" என்று எழுதிவிட்டார்.

கீழே என்றால், கார்கள் நிற்கும் தளத்துக்கும் கீழே இருக்கும் எஸ்.டி.பி., அதாவது கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம். வீடுகள் வெளியே விடும் தண்ணீரையெல்லாம் வாங்கி, தெளிய வைத்து, கழிவறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அதை நடத்துவது இளவேனிலின் வேலை.

இளவேனிலுக்கு முப்பத்திரண்டு வயது. ஜீவனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். இதே குடியிருப்பில் ஆறு வருஷம் மாடிப்படி துடைத்தவள். துடைத்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.பி. ஆபரேட்டர் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினாள். பழைய ஆபரேட்டர் துபாய்க்குப் பறந்ததும், "எனக்குக் குடுத்துப் பாருங்க சார்" என்று சங்கச் செயலாளர் சுந்தரராமனிடம் கேட்டாள். அவரும் மூன்று மாதம் சோதனைக்கு என்று கொடுத்தார். அந்த மூன்று மாதம் வரும் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அன்றைக்கு நடக்கும் பொதுக்குழுவில் கைதூக்கினால் ஆபரேட்டர். தூக்காவிட்டால் பழையபடி துடைப்பம். இதுதான் நிலவரம்.

எட்டு மணிக்கு அவள் கேட்டுக்குள் நுழைந்தபோது சுந்தரராமன் வாசலிலேயே நின்றிருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வரிசை எண் போடாமல் அவருக்குப் பேச வராது.

"ஒண்ணு, தண்ணி மஞ்சளா வரது. ரெண்டு, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஜெனரல் பாடி. மூணு, அஞ்சாவது மாடி ஸ்ரீஹர்ஷா தானா ஓடற மெஷின் ஒண்ணு வாங்கலாம், ஆளே வேண்டாம்னு நிக்கறார்."

"நாலு சார்?"

"நாலு கிடையாது. கீழ போய்ப் பாரு."

இளவேனில் கீழே ஓடினாள். எந்த வேலைக்காரியும் ஓடுவாள்தான். ஆனால் இவளுக்குக் கூடுதல் காரணம் இருந்தது. மஞ்சள் என்றதுமே அவள் மனசு போய் நின்றது மூலையிலிருந்த நீல நிறக் கேன்களிடம். அவற்றை இந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவந்ததே அவள்தான்.

கேனுக்குள் இருப்பது ஃபெரிக் குளோரைடு. இரும்பும் குளோரினும் சேர்ந்த உப்பு. தண்ணீரில் கரைத்து விற்கிறார்கள். பார்க்கக் கெட்டியான கஷாயம் மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறும். ஒரு சொட்டு துணியில் பட்டால் அந்தத் துணி அதோடு சரி. தரையில் பட்டால் தரைக்கும் அதே கதி. செம்பைத் தின்னும், எஃகைக்கூடச் சும்மா விடாது. அதனால் பிளாஸ்டிக் கேனில்தான் வாசம். இவ்வளவு பொல்லாதது, கலங்கல் தண்ணீரில் ஒரு துளி விழுந்ததும் பரம சாதுவாகிவிடும். மிதக்கும் அழுக்கையெல்லாம் தன்னோடு சேர்த்துத் துருநிற உருண்டைகளாகத் திரட்டிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே நிற்பது தெளிந்த தண்ணீர். அழுகல் நாற்றத்தைக் கிளப்பும் வாயுவையும் பிடித்துக் கட்டிப்போடும். பழைய ஆபரேட்டர் இருந்த காலத்தில் படிகாரம்தான் போட்டார்கள். அழுக்கு படிந்தது, நாற்றம் போகவில்லை. "ஃபெரிக் போட்டா நாத்தமும் போகும் சார்" என்று இளவேனில் சொல்லி, சுந்தரராமனும் சம்மதித்து, இரண்டு மாதமாக லிப்டில் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. அந்தப் பெருமை மொத்தமும் இன்றைக்கு மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரைப் பிடித்து, அதில் சோதனைக் காகிதத்தை நனைத்தாள். பச்சையாக நிற்கவேண்டிய காகிதம் ஆரஞ்சுக்குப் போனது. தண்ணீர் புளித்திருந்தது. ஃபெரிக் அளவாக விழுந்தால் உருண்டு படியும். அதிகமாக விழுந்தால் தண்ணீரைப் புளிக்க வைத்துவிடும். புளித்த தண்ணீரில் இரும்பு படியாது, கரைந்து மஞ்சளாகவே நிற்கும். வகுப்பில் படித்தது கண்ணெதிரே நின்றது.

உடனே ஃபெரிக் பம்பின் சுவிட்சை அணைத்தாள். இரவு ஆள் பெருமாள்சாமி எழுதி வைத்திருந்த பதிவு நோட்டைப் புரட்டினாள். அவருக்கு ஐம்பத்தாறு வயது, பீன்யாவில் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், தன் வேலையை யாரும் குறை சொன்னால் பொறுக்காதவர். 'ஃபெரிக் அளவு: 20' என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். இருபது சரியான அளவு. அப்படியென்றால் புதுக் கேனில் வந்த சரக்கு கெட்டியாக இருக்குமோ என்று இளவேனில் யோசித்தாள். அந்த யோசனை தப்பு; ஆனால் ஒரு நாள் முழுக்க அவளை அது சுற்ற வைத்தது.

பத்து மணிக்கு ஸ்ரீஹர்ஷா கீழே இறங்கி வந்தார். ஐந்தாவது மாடி, சாஃப்ட்வேர், கையில் எப்போதும் ஒரு ஸ்டீல் குடுவை. கன்னடக்காரர், இளவேனிலிடம் தமிழிலேயே பேசுவார், அதில் எவருக்கும் கஷ்டமில்லை.

"ஏன்ரீ இளவேனில், குரூப்ல எல்லாரும் சாக்கடை, சாக்கடைன்னு போடறாங்க. நெஜமா?"

"சாக்கடை இல்ல சார், இரும்பு. ஃபெரிக் ஜாஸ்தி ஆயிருச்சு."

"எப்படி நம்பறது?"

"உங்க கையில இன்னா சார்?"

"கிரீன் டீ."

"ஒரு மூடி இதுல ஊத்துங்க."

அவர் தயங்கிக்கொண்டே மஞ்சள் தண்ணீர்த் தம்ளரில் கொஞ்சம் ஊற்றினார். தம்ளர் கறுத்தது. லேசாக இல்லை, பேனாவில் நிரப்பி எழுதலாம் போலக் கறுத்தது. ஸ்ரீஹர்ஷா தம்ளரைப் பார்த்தார், தன் குடுவையைப் பார்த்தார், குடுவையை மூடினார்.

"இதையா நான் தினமும் நாலு வேளை குடிக்கறேன்?"

இளவேனிலுக்கு அத்தனை கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "டீ நல்லதுதான் சார். டீயோட துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா மை ஆயிரும். சாக்கடைத் தண்ணில ஊத்துனா இப்படி ஆகாது. இந்தாங்க, இது இன்னிக்கு வந்த சாக்கடை. ஊத்திப் பாருங்க."

இன்னொரு தம்ளரில் ஊற்றினார்கள். அது அழுக்காகவே இருந்தது, கறுக்கவில்லை. ஸ்ரீஹர்ஷாவுக்கு இப்போது உற்சாகம் பிடித்துக்கொண்டது. "ஆய்த்து, ஆய்த்து, சரி! ஃபெரிக் குளோரைடு எனக்குத் தெரியும். இன்ஜினியரிங் காலேஜ்ல சர்க்யூட் போர்டு செய்யறதுக்கு இதுல தான் முக்குவோம். வேண்டாத காப்பரையெல்லாம் தின்னுட்டு, கோடு மட்டும் விட்டுவெக்கும். என்னோட ஒரு வெள்ளை சட்டையையும் தின்னுச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நல்லா வேலை செய்யறீங்க. ஆனா மனுஷங்க தப்பு பண்ணுவாங்க, மெஷின் பண்ணாது. அதனாலதான் நான் கேக்கறேன். பேஜார் பண்ணிக்காதீங்க" என்றார். இளவேனில் தலையாட்டினாள். மனுஷர் தப்பு பண்ணுவார்கள்தான்.

கறுத்த தம்ளரின் படத்தை அவர் குழுவில் போட்டதும் சாக்கடை வதந்தி அடங்கியது. அடங்கிய இடத்தில் வேறு தலைவலி கிளம்பியது. கறையைப் போக்குகிறேன் என்று பாதி வீடுகளில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியிருந்தார்கள். இரும்புக் கறைமேல் பிளீச்சிங் போட்டால் கறை இன்னும் பலமாக உட்காரும். இளம் மஞ்சளாக இருந்ததெல்லாம் துருப்பழுப்பாகிவிட்டது. இதற்கு வழி கேட்டுக்கொண்டு மூன்றாவது மாடி மங்களம் மாமி கீழே வந்தாள். அறுபது வயது, கட்டடத்தில் அவளைத் தெரியாதவர் கிடையாது, அவளுக்குத் தெரியாதவரும் கிடையாது.

"என்னடி பொண்ணே, வெள்ளைவெளேர்னு இருந்தது இப்போ தாமிரச் சொம்பு மாதிரி ஆயிடுத்து. என்ன பண்றது?"

"பிளீச்சிங் போடாதீங்க மாமி. நல்லா தண்ணி ஊத்திக் கழுவிட்டு, எலுமிச்சை உப்பு கரைச்சு ஒரு மணி நேரம் ஊற வைங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுறாதீங்க, மூச்சு முட்டும்."

மாமி அதை அங்கேயே நின்று குழுவில் குரல் செய்தியாகப் போட்டாள். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அதில் முதல் இருபது விநாடிதான் எலுமிச்சை உப்பு. மிச்சம், இந்தப் பெண் எவ்வளவு கெட்டிக்காரி, நேற்று எஸ்.டி.பி.யில் பூஜை எவ்வளவு அழகாக நடந்தது, வராதவர்கள் எதை இழந்தார்கள் என்பது. அன்று மாலைக்குள் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் கடைகளில் எலுமிச்சை உப்பு தீர்ந்துபோனதாகச் சொன்னார்கள். சொன்னது மாமிதான்.

இளவேனில் சுண்ணாம்பைக் கரைத்துத் தொட்டிகளில் ஊற்றினாள். புளிப்பு குறையக் குறைய இரும்பு திரண்டு படிந்தது. சாயங்காலத்துக்குத் தண்ணீர் வெளுத்தது. 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்று அவள் சுந்தரராமனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

சரியாகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஃபெரிக் பம்பின் சுவிட்சைத் திரும்பப் போட்டாள். பதினோரு மணிக்குத் தண்ணீர் மறுபடி மஞ்சள். புதுக் கேனை ஓரம் கட்டிவிட்டு, அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த பழைய கேனிலிருந்து குழாய் கொடுத்துப் பார்த்தாள். அப்போதும் மஞ்சள்தான். அப்படியானால் சரக்கில் கோளாறில்லை. இளவேனில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, பம்பின் குழாயை ஓர் அளவுக் குப்பிக்குள் விட்டு, கைப்பேசியில் நேரம் வைத்து ஒரு நிமிடம் பிடித்தாள். விழவேண்டியதைப் போல நான்கு பங்கு விழுந்திருந்தது.

அவள் பம்பைப் பார்த்தாள். ஆயுத பூஜையன்று பூசிய சந்தனம் அதன் முகம் முழுக்கக் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவே இருந்த திருகைச் சுற்றிப் பூஜ்யத்திலிருந்து நூறுவரை எண்கள் உண்டு. சந்தனத்துக்கடியில் ஒன்றுகூடத் தெரியவில்லை. திருகின் முள் பளிச்சென்ற ஒரு குங்குமப் பொட்டுக்கு நேரே நின்றது. சாமிக்கு இட்ட சந்தனத்தையும் குங்குமத்தையும் யாரும் துடைக்கமாட்டார்கள், தானாக உதிரவேண்டும். அவளும் இரண்டு நாளாகத் துடைக்கவில்லை, பெருமாள்சாமியும் துடைக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் மெல்லத் துடைத்தாள். குங்குமத்துக்கு அடியில் எண்பது இருந்தது. இந்தப் பக்கம், இருபதுக்கு நேராக, அவளே நகப்பூச்சால் வைத்த சிறிய சிவப்புப் புள்ளி இருந்தது.

எல்லாம் புரிந்துவிட்டது, புரிந்ததும் அப்படியே கேன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

புதன்கிழமை, ஆயுத பூஜையன்று சாயங்காலம் மங்களம் மாமி தட்டும் தாம்பாளமுமாக இங்கே இறங்கி வந்தாள். குடியிருப்பவர்களில் ஒருவர்கூட அதற்கு முன்னால் இந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. இளவேனிலுக்குத் தலைகால் புரியவில்லை. இன்றைக்கு எல்லா மெஷினும் ஓய்வெடுக்கணும், நிறுத்து என்றாள் மாமி. "காத்து மெஷினை நிறுத்த முடியாது மாமி, உள்ள கிருமிங்கல்லாம் செத்துரும், அதுங்கதான் அழுக்கைத் தின்னுது. அதுங்களுக்கு லீவு கிடையாது" என்றாள் இளவேனில். பேரம் பேசி, ஃபெரிக் பம்புக்கு மட்டும் ஓய்வு என்று முடிவாயிற்று. இளவேனில் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். மாமி மனங்குளிரச் சந்தனம் அப்பி, ஒரு பெரிய பொட்டு வைத்தாள். பூசணிக்காய் உடைத்தார்கள். அப்புறம், "வாடி, கொலு பார்த்துட்டு சக்கரைப் பொங்கல் சாப்பிட்டுட்டுப் போ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். படியேறும்போது இளவேனில் பெருமாள்சாமிக்கு ஃபோன் போட்டாள்: "அண்ணே, பூஜைக்கு ஃபெரிக்கை நிறுத்தி வெச்சிருக்கேன். நீங்க வந்ததும் சிவப்பு மார்க்குல வெச்சுருங்க." அவர் வந்தார், சிவப்பு மார்க்கில் வைத்தார், எப்போதும் எழுதுகிற இருபதை நோட்டில் எழுதினார். திருகை அவளே சரியாக வைத்துவிட்டுத்தான் மேலே போயிருக்கவேண்டும். பொங்கல் ஐந்து நிமிடத்தில் ஆறிப்போய்விடாது.

இப்போது அவள் திருகை இருபதுக்கு வைத்தாள். சுண்ணாம்பு கரைத்தாள். மத்தியானம் மூன்று மணிக்குத் தம்ளரில் பிடித்த தண்ணீரின் வழியே அந்தப் பக்கத்துச் சுவரின் விரிசல் தெரிந்தது. சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தாள். அதற்குள் சுந்தரராமனே படியிறங்கி வந்தார். வரும்போதே முகத்தில் வெற்றி.

"ஒண்ணு, கேமரா பதிவைப் பார்த்தேன். ரெண்டு, புதன்கிழமை ஆறு மணி பத்து நிமிஷத்துக்குப் பெருமாள்சாமி அந்தத் திருகைத் திருப்பறான், நன்னாத் தெரியறது. மூணு, வயசாயிடுத்து, கண்ணு மங்கியிருக்கும். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல அவனை நிறுத்திடப் போறோம். நாலு, நீ கவலைப்படாதே. உன்மேல தப்பில்லேன்னு நானே சொல்றேன்."

இன்றைக்கு நாலு இருந்தது. அந்த நாலு இளவேனிலின் வாயை அடைத்துவிட்டது. 'சரி சார்' என்று சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலையிலும் சனிக்கிழமை முழுக்கவும் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. குழுவில் பூங்கொத்தும் கைதட்டலுமாகப் படங்கள் குவிந்தன. அவளுக்கு ஒன்றும் இனிக்கவில்லை. சனிக்கிழமை மாலை வேலை மாறும்போது பெருமாள்சாமி தன் பையைக் கீழே வைத்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"எனக்குக் கண்ணு மங்கலாம்! ஊசியில நூல் கோக்கறேன் நான், இன்னிக்கும். வேலையை விட்டு எடுக்கறதுன்னா எடுக்கட்டும். கண்ணு தெரியலன்னு எப்படிச் சொல்லலாம்? நான் மார்க்குலதான் வெச்சேன். வெச்சேனா இல்லியா?"

"வெச்சீங்கண்ணே" என்றாள் இளவேனில். அதற்குமேல் சொல்லத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் போகும்போது வீட்டு வாடகை, அம்மாவின் சர்க்கரை மாத்திரை, ஆறு வருஷத் துடைப்பம் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள். நியாயம் சொல்ல மனசுக்கு ஆயிரம் வழி தெரியும். மாமிதானே பொட்டு வைத்தாள்? அவர்தானே திருப்பினார்? நான் வாயைத் திறக்காமல் இருப்பது ஒரு குற்றமா? ஜீவனஹள்ளி வந்து இறங்கியபோதும் பதில் கிடைக்கவில்லை. அல்லது கிடைத்துவிட்டது, அவளுக்குத்தான் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தரைத்தள மண்டபம் நிறைந்தது. குடியிருப்பவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வேலை செய்பவர்கள் பின்சுவரை ஒட்டி நின்றார்கள், எப்போதும் அப்படித்தான். பெருமாள்சாமி இஸ்திரி போட்ட சட்டையில், யாரையும் பார்க்காமல், நேரே முன்னால் வெறித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி போடவில்லை. பிடிவாதமாகப் போடவில்லை.

ஸ்ரீஹர்ஷா பெரிய திரையில் மெஷினைக் காட்டினார். புளிப்பை அதுவே அளக்கும், அளவு மீறினால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும், பம்பை நிறுத்தும். நன்றாகவே சொன்னார். கைதட்டினார்கள். பிறகு சுந்தரராமன் எழுந்து காகிதத்தைப் பிரித்தார்.

"தீர்மானம் ஒண்ணு. கவனக்குறைவா அளவை மாத்தின இரவு ஊழியர் பெருமாள்சாமியை—"

"சார், அது நான்."

குரல் பின்சுவரிலிருந்து வந்தது. எல்லாத் தலையும் திரும்பின. இளவேனில் ஓர் அடி முன்னால் வந்தாள். வாய் திறந்தாகிவிட்டது, இனி மூடிப் பயனில்லை. பூஜைக்காகத் தான் பம்பை நிறுத்தியதை, சந்தனத்தில் எண்கள் மறைந்ததை, ஃபோனில் சிவப்பு மார்க் என்று சொன்னதை, அங்கே இரண்டு சிவப்பு இருந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "அண்ணன் நான் சொன்ன மாதிரியேதான் வெச்சாரு. குங்குமத்துக்கு நேரா, ஒரு முடி அளவுகூட விலகாம வெச்சிருந்தாரு சார். நான்தான் பார்க்காம போயிட்டேன். வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பயத்துல சொல்லல."

முன்வரிசையில் மங்களம் மாமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயையோ, நான் வெச்ச பொட்டா? நூத்திருபது வீட்டையும் மஞ்சளாக்கினது நானா?"

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. மனைவிமார் மூன்று நாள் முன்பு யார்மேல் பழி போட்டோம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். கணவன்மார் அதைச் சொல்லிக்காட்டிச் சிரித்தார்கள். மாமியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பெருமாள்சாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் சுந்தரராமனை நேராகப் பார்த்து, "சார், கேட்டீங்களா? என் கண்ணுல கோளாறே இல்ல" என்றார். இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் அவர் குரல் உடைந்தது.

சுந்தரராமன் கையிலிருந்த காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று இளவேனிலால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒண்ணு" என்று தொடங்கினார், நிறுத்தினார். அவருக்கு அதற்குமேல் எண் வரவில்லை போலிருந்தது. "உன்னைக் காப்பாத்தறேன்னு நான் சொன்னதுக்கப்புறமும் ஏம்மா இதைச் சொன்னே?"

"அண்ணனுக்குக் கண்ணு தெரியலன்னு எழுதிட்டா, வேற எங்கயும் வேலை கிடைக்காது சார்."

ஸ்ரீஹர்ஷா எழுந்தார். "நான் ஒண்ணு மாத்திச் சொல்றேன். மெஷின் வேணும். இந்த வாரம் அது இருந்திருந்தா அரை மணி நேரத்துல தெரிஞ்சிருக்கும். ஆனா ஆளே வேண்டாம்னு சொன்னேன் இல்லையா, அதை வாபஸ் வாங்கறேன். தப்பு பண்ணா மெஷின் இப்படி எழுந்து நின்னு சொல்லாது."

"மெஷின் வரட்டும் சார்" என்றாள் இளவேனில். "எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்க."

இளவேனிலே ஆபரேட்டராக இருக்கட்டும் என்பவர்களைக் கைதூக்கச் சொன்னார்கள். மங்களம் மாமி இரண்டு கையையும் தூக்கினாள். வீட்டுக்கு ஒரு கைதான் என்று அவளை அடக்கவேண்டியிருந்தது. சுந்தரராமன் எண்ணினார். முன்வரிசையிலிருந்து தொடங்கி, தூணுக்குப் பின்னால் இருந்தவர்களையும் எட்டிப் பார்த்து, விரல்விட்டு எண்ணினார். இளவேனில் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணிக்கை முடிந்தும் அவர் எண்ணைச் சொல்லவில்லை.

"அடுத்தது" என்றார். "வெயில் காலத்துல தோட்டத்துக்கு எவ்வளவு தண்ணி விட முடியும்கறது. இதுக்கு ஆபரேட்டர் இங்க முன்னாடி உட்காரணும். யாராவது ஒரு சேர் நகர்த்துங்கோ."

இளவேனிலுக்கு முதலில் யாரைச் சொல்கிறார் என்றே விளங்கவில்லை. பெருமாள்சாமிதான் முழங்கையால் இடித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். ஆறு வருஷமாக இந்த மண்டபத்தின் தரையை அவள் துடைத்திருக்கிறாள். நாற்காலிகளை அடுக்கியிருக்கிறாள், பிரித்துப் போட்டிருக்கிறாள். அதில் ஒன்றில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா" என்றார் சுந்தரராமன். "ஏப்ரல் மாசத்துல எவ்வளவு தர முடியும்?"

நூற்றிருபது வீட்டுக்காரர்களும் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். "முதல்ல நீங்க வீட்டுல எவ்ளோ தண்ணி செலவு பண்றீங்கன்னு சொல்லுங்க சார், அதுதானே கீழ எனக்கு வரும்" என்றாள் இளவேனில்.